வலது காதுக்கு மேலே

இடது பக்கத்துப் பட்டை நின்றது. வலது பக்கத்துப் பட்டை நழுவியது.

கொலெட்டுக்குப் புரியாதது இதுதான். இரண்டும் ஒரே பெட்டியில் வந்த சவுரிப் பட்டைகள். ஒரே நீளம், ஒரே கனம், ஒவ்வொன்றிலும் இரண்டு க்ளிப். காதுக்கு மேலே ஒரே உயரத்தில்தான் மாட்டுகிறாள். காலையில் மாட்டினால் இடதுபுறம் படுக்கப்போகும்வரை அசையாது. வலதுபுறம் மதியத்துக்குள் தொங்கிவிடும்.

அதிலும் ஒரு வினோதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டுமே சமர்த்தாக இருக்கும்.

சென்ற குளிர்காலத்தில் கொலெட் காய்ச்சலில் படுத்து எழுந்ததையும், அதற்குப் பிறகு அவள் முடி பாதியாய்க் கொட்டிப்போனதையும், அந்தச் சமயம் பார்த்தே கணவன் ஃப்ராங்க் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிண்டா என்கிற பெண்ணின் வீட்டோடு போய்விட்டதையும் தெருவே அறியும். அன்றிலிருந்து க்ளிப் வைத்த சவுரி இல்லாமல் கொலெட் வாசல் தாண்டியதில்லை. இப்போது வெள்ளிக்கிழமை காலை. நாளை மகள் ஓர்லாவுக்குக் கல்யாணம். மாதாகோயிலில் மகளின் கையைப் பிடித்து அழைத்துப்போகப்போவது அப்பா அல்ல, அம்மாதான் என்று போன வாரம் ஓர்லா சொல்லிவிட்டாள். அத்தனை கண்களும் கொலெட்டின் தலைமேல்தான் இருக்கும்.

இந்த க்ளிப்பின் சூட்சுமம் எளிது. சடையோடு சேர்த்துப் பின்னுகிற சவுரி அல்ல இது. முடியை ஒரு துணி விளிம்பில் நெருக்கமாகத் தைத்துப் பட்டையாக்கி, விளிம்பில் விரல்நுனி அளவுக்கு க்ளிப்புகள் வைத்திருப்பார்கள். க்ளிப் என்பது முதுகு வளைந்த மெல்லிய எஃகுத் தகடு, ஓரத்தில் சீப்பு போலப் பற்கள். அழுத்தினால் டிக்கென்று மறுபக்கம் வளையும். பற்கள் முடியை இறுக்கிப் பிடிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அவை முடியை மடக்கிவைக்கின்றன. மடங்கிய முடி வழுக்காது, அவ்வளவுதான். அப்படியும் நழுவினால், க்ளிப் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது பட்டை கனமாக இருக்க வேண்டும், அல்லது மடக்கிப் பிடிக்க அங்கே முடி போதாமல் இருக்க வேண்டும்.

கொலெட் எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள். போன வாரம் வலதுபுறத்துப் பட்டையை இடதுபுறம் மாட்டினாள், இடதை வலதில் மாட்டினாள். இடம் மாறிய பட்டை இடதுபுறம் ஒழுங்காக நின்றது. அதுவரை ஒழுங்காக இருந்தது வலதுபுறம் போனதும் நழுவியது.

அப்படியென்றால் கோளாறு பட்டையில் இல்லை. தலையில்.

சீப்பின் வால்நுனியால் வலது காதுக்கு மேலே வகிடு எடுத்தாள். விளக்குக்குக் கீழே தலையைச் சாய்த்தாள்.

கண்ணாடியில் வெளிறிய தோல் தெரிந்தது. ஒரு நாணயம் அளவுக்குத் திட்டு. விளிம்பில் ஒன்றிரண்டு முடி, நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

தொட்டுப் பார்க்கவில்லை. சட்டென்று மேல்முடியை இழுத்து மூடினாள்.

அவளுடைய அம்மா பட்ரிசியாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. புழுவெட்டு. காதுக்கு மேலே ஒரு திட்டு, பிறகு பின்கழுத்தில், பிறகு புருவம்வரை. கொலெட்டின் அக்கா மோயாவின் கல்யாணத்தன்று அம்மா படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். 'எல்லாரும் போயிட்டு வாங்க' என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். மோயாவின் கல்யாணப் படங்கள் எதிலும் அம்மா கிடையாது.

க்ளிப்பை வழக்கமான இடத்திலேயே மாட்டினாள். டிக். வேறு எங்கே மாட்டுவது?

* * *

கொலெட் பூட்டில் ஊரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். காரில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி மதியம்வரை ஓட்டம். கல்யாணத்துக்கு முந்தைய நாள்கூட அரை நாள்தான் விடுப்பு கிடைத்தது.

ஹால்சால் தாத்தாவுக்குக் கண் பாதி தெரியாது, வாய் மட்டும் முழுசாக வேலை செய்யும். அவர் மடியில் தட்டை வைக்கக் குனிந்தாள். ஏதோ சரிந்தது. அவள் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டது.

கிழவர் மடியைத் தடவிப் பார்த்தார். நீளமாக, மெதுவாக, பாசமாகத் தடவினார்.

"யாரு வீட்டுப் பூனைம்மா இது?"

"எங்க வீட்டுதுதான், தாத்தா. குடுங்க."

"சாப்பாடே போடறதில்லயா? எலும்பே தட்டுப்படலயே."

வேறு நாளாயிருந்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இன்று பட்டையை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு, ரொட்டியை நாலாக வெட்டி அவர் கையில் கொடுத்து, தேநீரில் விரல் வைத்துச் சூடு பார்த்து, எல்லாம் முடித்துக் காருக்கு வந்ததும் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பட்டையின் பற்களில் முடி சிக்கியிருந்தது. சவுரியின் முடியல்ல. கொஞ்சம் நரைத்த, மெல்லிய, அவளுடைய சொந்த முடி.

விழுகிறது. தானாகவே விழுகிறது.

* * *

மோயா கடைவீதியில் காத்திருந்தாள், மண்டை முழுக்க ரோலரோடு. உருண்டை உருண்டையாகப் பன்னிரண்டு பதினைந்து இருக்கும், மேலே ஒரு வலை. சவுரிக் கடையில் வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் அதே கோலம்தான். வெள்ளிக்கிழமை அல்லவா.

"கல்யாணம் நாளைக்குத்தானே?" என்றாள் கொலெட்.

"இன்னைக்கு ஒத்திகை, என் ராணி. என் முடிக்கு ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவைக்கணும், இல்லன்னா கேக்காது." மோயா தங்கையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உனக்கென்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"தூக்கமில்ல."

"கல்யாணப் பொண்ணே குறட்டை விட்டுத் தூங்குறா. நீ எதுக்கு முழிச்சிக்கிட்டுக் கிடக்குற? ஃப்ராங்க் அந்த லிண்டாவ இழுத்துட்டு வருவான்னா? வரட்டுமே. அவளப் பின்வரிசைல தூணுக்குப் பின்னாடி உக்கார வச்சிருக்கேன். பாதிரியார் குரல்தான் கேக்கும், ஆள் தெரியாது."

கொலெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த முடிகளைப் பார்த்தாள்.

மோயா பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். "இந்தா, எட்டு பவுண்டுதான். முழு செட். உன் நிறமும்கூட."

"அது நைலான், மோயா."

"நைலான்னா என்ன? அது தலைக்குத் தெரியுமா?"

"கர்லருக்குத் தெரியும். சூடு பட்டா உருகிரும். போட்டோ எடுத்தா பொம்மை தலை மாதிரி மினுங்கும். கழுத்துக் காலர்ல ரெண்டு நாள் உரசுனா பின்பக்கம் அப்படியே கம்பளி உருண்டையாயிரும். நான்தான் முதல்ல அத வாங்கி அழிச்சேனே." கவலைக்கு நடுவிலும் அவள் கை தானாக வேலை செய்தது. இன்னொரு பெட்டியைத் திருப்பி எடையைப் பார்த்தாள். "நீளத்தப் பாத்து வாங்கக் கூடாது. கிராம் பாக்கணும். நீளமா இருக்கும், எடை கம்மியா இருக்கும். அப்படின்னா நுனியில எலி வால்தான்."

"உன்னோடது முட்டி வரைக்கும் தொங்குதே?"

"இடுப்பு வரைக்கும். பாதி விலைக்குப் போட்டாங்க, அந்த நிறத்த நிறுத்திட்டாங்களாம். நீளமா கிடைக்குதேன்னு ஆசப்பட்டுட்டேன்."

"பெட்டில இந்தியான்னு போட்டிருந்துச்சே. எங்கேயோ ஒருத்தி சாமிக்குன்னு குடுத்த முடி. நீ அத மாட்டிக்கிட்டு பூட்டில்ல கிழவனுங்களுக்கு முட்டை அவிச்சுக் குடுக்குற. அந்தச் சாமி என்ன நெனைக்குமோ."

ஒற்றைப் பட்டை ஒன்றைத் தனியே விற்றார்கள், மனித முடி, தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும் நீளம், இரண்டே க்ளிப். கொலெட் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தாள். கடை விளக்கில் எல்லா நிறமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறத்தை வேருக்கு அருகே வைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. சவுரி கலப்பது முடியின் நுனியோடுதான், ஆகவே நுனியோடு வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தியது. முழு செட் வாங்கக் கையில் வசதியில்லை. இது போதும்.

திரும்பி வந்தவள் கல்லாவுக்குப் போகாமல் நின்றுவிட்டாள். எதிரே முழு விக்குகள், முகமில்லாத வெள்ளைத் தலைகளில்.

"அது எதுக்குடி?" மோயாவின் குரல் மாறியிருந்தது.

"சும்மா பாத்தேன்."

"அம்மாவும் சும்மாதான் பாத்தா."

கொலெட் விக்கைப் பார்த்தபடியே கேட்டாள்: "அம்மாவுக்கு முதல்ல எப்படி இருந்துச்சு? நீதானே பாத்த?"

"நான்தான். காது மேல. முட்டை ஓட்டத் தொட்ட மாதிரி இருந்துச்சு. வழுவழுன்னு. ஒரு மொட்டு முடி இல்ல." மோயா தங்கையின் முழங்கையைப் பிடித்தாள். "ஏன் கேக்குற? கொலெட், ஏன் கேக்குற?"

"கல்யாண நேரம். ஞாபகம் வருது, அவ்வளவுதான்."

பொய் சொல்லும்போது கொலெட்டின் கழுத்து சிவக்கும். மோயா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி கல்லாவுக்கு நடந்தாள்.

* * *

ஓர்லாவின் ஃப்ளாட்டில் வெந்நீர்ச் சட்டியைத் திறந்த மாதிரிப் புகைமூட்டம். அவளுடைய பள்ளித்தோழி ஜேட் ஒரு கையில் கர்லரும், இன்னொரு கையில் ஸ்ப்ரேயும், வாயில் நாலு கொண்டை ஊசியுமாக நின்றாள். மணப்பெண்ணுக்கு ஒத்திகை அலங்காரம் முடிந்திருந்தது. ஓர்லாவுக்குச் சொந்த முடியே அடர்த்திதான். ஆனாலும் நாளைக்கு இன்னும் அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று அவளும் நாலு பட்டை மாட்டியிருந்தாள். நடுமுதுகுவரை அலை அலையாக இறங்கியது.

"எப்படிம்மா?"

கொலெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழகா இருக்க, கண்ணு."

"அழாத. அழுதா நானும் அழுவேன், ஜேட் ரெண்டு பேரையும் அடிப்பா. உக்காரு. உனக்கு இப்ப."

"எனக்கு எதுக்கு ஒத்திகை? நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு நேரமே இருக்காது ஆன்ட்டி," என்றாள் ஜேட் ஊசிகளுக்கிடையே. "ஓர்லா கேட்டது பக்கவாட்டுப் பின்னல். வலது காதுலேருந்து எடுத்து, அப்படியே இறுக்கமா மேல தூக்கிக் கட்டினா, முகம் பளிச்சுன்னு தெரியும். அஞ்சு நிமிஷம்."

வலது காதிலிருந்து.

கொலெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. கண்ணாடியில் ஜேட்டின் கை நெருங்குவதைப் பார்த்தாள். சீப்பின் வால்நுனி காதுக்குப் பின்னால் புகுந்தது. குளிர்ந்த உலோகம். மேல்முடி விலக ஆரம்பித்தது.

அவள் கை பாய்ந்து ஜேட்டின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் சீப்பு தரையில் விழுந்தது.

"ஆன்ட்டி!"

"அடுப்ப அணைக்காம வந்துட்டேன்," என்றாள் கொலெட். "ஆமா, அணைக்கல. நான் போகணும். மோயா, நீ உக்காரு, நீ முதல்ல பண்ணிக்க."

"நீ காலைல ஸ்டவ்வே பத்தவைக்கலன்னு சொன்னியே," என்றாள் மோயா.

கொலெட் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

காரின் கதவைத் திறக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். ஓர்லா. அலங்கரித்த தலையும், பழைய பைஜாமாவும், முயல் காது வைத்த செருப்புமாக ஓடிவந்து இடதுபக்க இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"எறங்கு. முடி கலைஞ்சிரும்."

"கலையட்டும். ஒத்திகைதானே. ஓட்டு."

கொலெட் ஓட்டினாள். எங்கே என்று தெரியாமல் கடற்கரைச் சாலைப் பக்கம் திருப்பினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. நாளைக்கு ஏதாவது காரணம் சொல்லிவிடலாமா? காய்ச்சல். வயிற்றுவலி. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு 'போயிட்டு வாங்க' என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அம்மாவின்மேல் இத்தனை வருடமாக இருந்த கோபம் திடீரென்று நிற்க இடமில்லாமல் தவித்தது.

"அப்பாவ நெனச்சா பயப்படுற?" என்று ஓர்லா மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"காலைல போன் பண்ணாரு. நாளைக்குத் தனியாத்தான் வராராம். லிண்டா வரலியாம்." ஓர்லா அம்மாவின் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "மாதாகோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். என்னன்னு கேட்டேன், உங்கிட்ட மட்டும்தான் சொல்லுவா... ஆ!"

"என்னாச்சு?"

"இந்தப் பக்கம். சுருக்குன்னுச்சு. யாரோ முடியப் புடிச்சி இழுத்த மாதிரி."

ஓர்லா இடது காதுக்கு மேலே தேய்த்துக்கொண்டாள். அங்கிருந்த பட்டை அரை விரல் கீழே இறங்கியிருந்தது.

கொலெட் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"அசையாத. அப்படியே இரு."

மகளின் முடி இடது தோள்மேல் இறங்கியிருந்தது. தோளைத் தாண்டி வயிற்றுப் பக்கம் குறுக்காகப் போகும் சீட் பெல்ட் அந்த முடியின்மேல் படுத்திருந்தது. நுனி பெல்ட்டுக்கு அடியில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. ஓர்லா வலதுபுறம் திரும்பியதும் தலை போனது, நுனி போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது க்ளிப்.

"திரும்பி நேரா பாரு. இப்ப என் பக்கம் திரும்பு, மெதுவா."

"ஆ. அம்மா, வலிக்குது. என்ன விளையாட்டு இது?"

கொலெட் தன் பெல்ட்டைப் பார்த்தாள். ஓட்டுகிறவளின் பெல்ட். அது வலது தோளிலிருந்து வருகிறது. அதற்கு அடியில் அவளுடைய வலதுபக்கத்து முடி, இடுப்புவரை நீண்ட அந்தப் பாதிவிலை முடி, அமுங்கிக் கிடந்தது. இடதுபுறக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்புவதுபோலத் தலையைத் திருப்பினாள்.

வலது காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. பட்டையை அவள்தான் பையில் வைத்துவிட்டாளே, இப்போது இழுபட்டது பின்னந்தலைப் பட்டையின் ஓரம். ஆனால் அதே இழுப்பு. எத்தனையோ மாதமாகப் பழகிப்போய்த் தலைவலி என்று நினைத்துக்கொண்ட இழுப்பு.

ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் இடதுபுறம் பார்க்கிறாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறுகிறாள், இறங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பதில்லை, பூசைக்கு நடந்தே போகிறாள். க்ளிப் தளர்ந்திருக்கலாம், பட்டை கனமாக இருக்கலாம், முடி போதாமல் இருக்கலாம் என்று எல்லாம் யோசித்தவள், யாரோ பிடித்து இழுக்கலாம் என்பதை யோசிக்கவேயில்லை.

ஆனால் பயம் உடனே போய்விடவில்லை. நழுவுவதற்குக் காரணம் பெல்ட் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திட்டு?

"அம்மா, உன் முகத்தப் பாத்தா பயமா இருக்கு. சொல்லும்மா."

சொல்வதா? கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு பெண்ணிடம் சொல்கிற விஷயமா இது? கொலெட் வலதுபுறத்து முடியைக் கையால் தூக்கி, தலையை மகள் பக்கம் சாய்த்தாள்.

ஓர்லா அந்தத் திட்டைப் பார்த்தாள். காருக்கு வெளியே காற்று மணலை வாரி அடித்தது.

"பாட்டிக்கு வந்தது," என்றாள் ஓர்லா கடைசியில். கேள்வியாகக்கூட அது வரவில்லை.

"தெரியல."

"நான் தினமும் தலைகுளிக்கும்போது தடவிப் பாப்பேன். பதினாறு வயசுலேருந்து. யாருகிட்டயும் சொன்னதில்ல." ஓர்லாவின் குரல் உடைந்தது. "நீயும் பாத்துட்டிருந்தியா?"

"இன்னைக்குத்தான் பாத்தேன். தொடக்கூடப் பயமா இருந்துச்சு."

"நான் தொடட்டுமா?"

கொலெட் கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் விரல் திட்டின்மேல் பட்டது. ஒரு பக்கமாகத் தடவியது. எதிர்ப்பக்கமாகத் தடவியது.

"குத்துதும்மா."

"என்னது?"

"குத்துது. காலையில சவரம் பண்ணவன் தாடைய சாயங்காலம் தொட்டா குத்துமே, அப்படி. கீழேருந்து மேல தடவினா நல்லாவே குத்துது." ஓர்லா கண்ணாடியைத் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தாள். "முடி இருக்கும்மா! குட்டை குட்டையா. ஒண்ணு இவ்ளோ, ஒண்ணு அவ்ளோ. முறிஞ்சிருக்கு. சிலது புதுசா முளைக்குது போல."

முட்டை ஓடு மாதிரி வழுவழுன்னு, ஒரு மொட்டு முடி இல்ல என்று மோயா சொன்னது கொலெட்டின் காதில் ஓடியது. அவளே விரலை வைத்துத் தடவினாள். குத்தியது. மறுபடி தடவினாள். இத்தனை வயதில் எதுவும் இவ்வளவு சுகமாகக் குத்தியதில்லை.

புழுவெட்டில் முடி வேரோடு உதிர்ந்து தோல் வழுவழுப்பாகும். இங்கே முடி வேரிலிருந்து போகவில்லை. தினமும் ஒரே இடத்தில் க்ளிப்பை மாட்டி, அந்த க்ளிப்பை தினமும் பெல்ட் இழுக்க, இழுபட்டு இழுபட்டு முறிந்திருக்கிறது. இழுப்பதை நிறுத்தினால் வளரும். வளர்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடலாம்தான், காட்டவும் வேண்டும். ஆனால் நாளை மாதாகோயிலுக்குள் மகளின் கையைப் பிடித்து நடக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

"ஜேட் சொன்ன பின்னல் வேண்டாம்மா. தொங்கவிட்டுக்கலாம்," என்றாள் ஓர்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா அந்தப் பக்கம் மட்டும் தட்டையா இருக்குமே? மறுபடி க்ளிப் மாட்ட முடியாதே."

"அந்த இடத்துல மாட்டக் கூடாது. வேற இடத்துல மாட்டலாம்." கொலெட் பையைத் துழாவிக் கடையில் வாங்கிய ஒற்றைப் பட்டையை எடுத்தாள். "திட்டுக்கு ரெண்டு விரல் மேல முடி நல்லா இருக்கு. அதுல மெல்லிசா ஒரு பின்னல் போடு. தலையோட ஒட்டி, காதுக்கு இணையா, சுண்டுவிரல் நீளத்துக்கு."

ஓர்லா போட்டாள். கொலெட் பட்டையின் க்ளிப்பைத் திறந்து, பற்களைப் பின்னலுக்குள் நுழைத்து அழுத்தினாள். டிக். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. வழுக்குவதற்குத் தனி முடி இல்லை. பின்னலின் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பல் மாட்டியிருந்தது. இழுப்பும் நாலு முடிமேல் விழாமல் பின்னல் முழுக்கப் பரவியது. மேல்முடியை இறக்கிவிட்டதும் எல்லாம் மறைந்தது.

"இடுப்பு வரைக்கும் இருக்கிற மத்த பட்டைங்கள?"

"ஜேட் கத்தரி வச்சிருக்காளே. தோளுக்குக் கீழ வெட்டிரட்டும். கனமும் குறையும், பெல்ட்டுக்கும் எட்டாது."

ஓர்லா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "சரி, வண்டிய எடு. மோயா பெரியம்மா ஜேட்ட இந்நேரம் கடிச்சிருப்பாங்க."

கொலெட் பெல்ட்டை எடுத்தாள். பாதியில் நிறுத்தினாள். வலதுபக்க முடியை முழுக்க அள்ளி, கழுத்தைச் சுற்றி இடது தோளுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டாள். பிறகு பெல்ட்டை மாட்டினாள். இடதுபுறம் திரும்பிப் பார்த்தாள். எதுவும் இழுக்கவில்லை. வலதுபுறம் பார்த்தாள். எதுவும் இழுக்கவில்லை.

"நீயும் ஒதுக்கிக்க," என்றாள் மகளிடம். "உனக்கு அந்தப் பக்கம்." ஃப்ராங்க் என்ன சொல்ல வந்தாலும் நாளை மாதாகோயில் வாசலில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபடி காரைக் கிளப்பினாள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: க்ளிப்பைத் தினமும் ஒரே இடத்தில் மாட்டாமல் விரல் அளவு மாற்றி, நல்ல முடியில் போட்ட சின்னப் பின்னலின்மேல் மாட்ட வேண்டும். காரில் ஏறியதும், பெல்ட் போடும் முன்பே, பெல்ட் வரும் தோளிலிருந்து முடியை மற்றத் தோளுக்கு ஒதுக்கிவிட வேண்டும்.